மூன்றாவது டேக்

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்
இந்த மாடியில் சட்டைகள் பிறப்பதில்லை.
லிங்கராஜபுரத்துச் சந்துக்குள்
நான்காவது லைன் மெஷின்களைச்
சுவரோரம் தள்ளிவிட்டு
நான்கு நாற்காலிகள் போட்டோம்.

எதிரொலியை விழுங்குவதற்கு
ஏற்றுமதிக்குக் கட்டிவைத்த பொதிகளைச்
சுற்றிலும் அடுக்கினேன்.
இரண்டாயிரத்து நானூறு காலர்கள்
கழுத்தே இல்லாமல்
முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன.
இதைவிட ஒழுங்கான சபையை நான் பார்த்ததில்லை.
ஒருவரும் இருமவில்லை.

ஷெரில் பிண்டோ முதல் வயலின்.
இரண்டாவது ரோஹிணி ஹெப்பார்,
பகலில் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவு.
வயோலாவுக்குத் தேவசகாயம்.
செல்லோவை முழங்கால்களுக்கிடையே இருத்துமுன்
லால்ரின்புய் தன் ஷூவின் அடியிலிருந்து
உடைந்த ஊசி ஒன்றைப் பிடுங்கி
என் உள்ளங்கையில் வைத்தாள்,
விழுந்த பல்லைக் கொடுக்கிற குழந்தை மாதிரி.

நான் ஒலிப்பதிவு.
என் வேலை வாசிப்பதைப் பிடிப்பதல்ல,
வாசிக்காததைத் துரத்துவது:
டியூப்லைட்டின் ரீங்காரம், பக்கத்து வீட்டுக் குக்கர்,
ஈஸ்ட் ஸ்டேஷனைத் தாண்டி
சேலத்துக்குப் போகிற சரக்கு வண்டி.
ஒன்று இருபதுக்கு வரும் என்று
எழுதி ஒட்டியிருந்தேன்.
ஒன்று பத்துக்கே வந்தது.
முதல் டேக் அதனடியில் விழுந்தது.
இம்தியாஸின் கேமராவும் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது;
அதன் சக்கரம் கிறீச்சிட்டு
இரண்டாவதும் போனது.

மூன்றாவதில்,
வில் தந்தியைத் தொடுமுன்
நால்வரும் மூச்சை உள்ளிழுத்தார்கள்.
நான்கு மூச்சு இல்லை, ஒன்று.
அரங்கத்தில் அது யாருக்கும் கேட்காது.
என் ஹெட்போனில்
பக்கத்து அறைக் கதவு திறந்தது போல இருந்தது.

மெதுவான பகுதி.
வயோலா ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு
சொல்லவந்ததை மறந்ததுபோல் நிற்க,
செல்லோ கீழேயிருந்து அதை முடித்துவைக்கும் இடம்.
அங்கே தேவசகாயம் கண்ணை மூடினார்.
இம்தியாஸ் பார்த்துவிட்டான், அருகே போனான்.
டிக்கெட் வாங்கி எட்டாம் வரிசையில் இருந்தவருக்கு
இந்த இமை கிடைத்திருக்காது.

கடைசி ஸ்வரம்.
வில் நான்கும் காற்றில் நின்றன.
கைதட்ட ஆளில்லாத இடத்தில்
கச்சேரி எப்படி முடியும் என்று
அவர்களுக்கும் தெரியவில்லை.
எழலாமா? வணங்கலாமா, யாரை?
எனக்குக் கைகள் இருந்தன.
ஆனால் தேய்ந்துகொண்டே போன அந்த ஒலியின்
வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
ஆறு விநாடி.
ஏழு.
எட்டாவதில் படிக்கட்டிலிருந்து
காவலாளி முனிராஜு தலையை நீட்டி
"ஆய்தா?" என்றார்.

அந்த டேக்தான் நன்றாக வந்திருந்தது.

முடிந்ததா என்று கேட்ட
அந்த ஒற்றைக் கன்னடச் சொல்லை வெட்டினேன்.
எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்துப்
பதிந்துவைத்திருந்த அறையின் மௌனத்தில்
ஒரு துண்டு கிழித்து ஒட்டினேன்.
தையல் தெரியவில்லை.

படம் வெளியான வாரம்
மெட்ரோவில், அல்சூரில் ஏறிய பையன் ஒருவன் கையில்
எங்கள் நால்வர்.
எனக்குக் கேட்கவில்லை, பார்த்தேன்.
தேவசகாயத்தின் இமை
அவன் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது.
எம்.ஜி. ரோடு நெருங்கும்போது
வில் நான்கும் காற்றில் நின்றன.
ஆறு. ஏழு.
பையன் முகம் சுளித்தான்.
இயர்போனைக் கழற்றி
ஊதி
மறுபடி செருகினான்.
பத்து விநாடி பின்னால் தள்ளிப்
போட்டுப் பார்த்தான்.
இந்தமுறை கழற்றவில்லை.
அப்புறம் விரல் மேலே தள்ளியது:
யாரோ ஒருவர் வாணலியில்
முட்டை உடைத்தார்.

முனிராஜுவின் சொல்
தனி ஃபோல்டரில் இருக்கிறது,
பெயர் வைக்கவில்லை.
மொத்தம் இரண்டு விநாடி.
நேற்று ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டேன்.
சொல்லுக்கு முன்னால்
ஒரு சின்னச் சொடுக்கு.
முழங்கால்.
படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர்
எழுந்திருக்கும் சத்தம்.